கருப்பை இறக்கம்: கத்திக்கு முன் செய்ய வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், தமக்குக் கருப்பை இறங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னதை எழுதி, இனி என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். குழந்தைப்பேறு முடிந்துவிட்ட வயது என்பதால் கருப்பையை அகற்றிவிடுவதே நல்லது என்ற அளவில் அவருக்கான பதில் முடிந்திருந்தது. இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது, அதனால் அவருக்கு அன்றாடம் என்ன தொல்லை, தசைப் பயிற்சியோ, இறங்கிய உறுப்பை உள்ளிருந்து ஏந்தும் வளையமோ முயன்று பார்க்கப்பட்டதா என்ற கேள்விகளில் ஒன்றுகூட அதில் இடம்பெறவில்லை. மகப்பேற்றுக்குப் பிந்தைய பெண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி அளித்துவரும் இயன்முறை மருத்துவர் நான். அறுவை இல்லாமலே இந்தத் தொல்லையோடு நன்றாக வாழ முடியும் என்பதை, அந்த வாசகியைப் போன்ற பலர் அறுவை அரங்குக்குப் போவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் முன்னே சிறுநீர்ப்பை, நடுவே கருப்பை, பின்னே மலக்குடல் என மூன்று உறுப்புகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. இவற்றைக் கீழிருந்து தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் இழுத்துப் பிடித்திருப்பவை நார்த்திசுக்கள். உத்தரத்தில் கட்டிய சேலைத் தூளியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும்: கயிறு தளர்ந்தாலும் துணி நைந்தாலும் உள்ளே கிடக்கும் குழந்தை தாழ்ந்துவிடும், ஆனால் குழந்தையை எடுத்துவிடுவதால் கயிறும் துணியும் சரியாகிவிடுவதில்லை. கருப்பை எடுக்கப்பட்ட பெண்களில் சிலர், சில ஆண்டுகளில் சிறுநீர்ப்பையோ யோனியின் மேல்முனையோ இறங்கி மறுபடியும் மருத்துவமனைக்கு வருவது இதனால்தான். தாங்குதளத்தின் பலவீனம் அப்படியே இருக்க, தாங்கப்பட்ட உறுப்பை மட்டும் எடுப்பது அந்தப் பலவீனத்துக்கான மருத்துவம் ஆகாது. இறக்கத்துக்கு முறையாக அறுவை செய்யும் மருத்துவர்கள், கருப்பையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், தாங்குதளத்தைத் தைத்துச் சீராக்குவதில்தான் கவனம் செலுத்துவார்கள்.

இந்தத் தளர்ச்சிக்குப் பல காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. சுகப்பிரசவத்தின்போது குழந்தையின் தலை வெளிவரும் கட்டம் நீண்டுவிட்டாலோ, ஆயுதம் போட்டு எடுக்க நேர்ந்தாலோ தசை கிழிந்து போகக்கூடும். அது ஆறுவதற்குள் தண்ணீர்க் குடமும் செங்கல் சட்டியும் தூக்க வேண்டிய நிலை பலருக்கு. விறகடுப்புப் புகையில் வளர்ந்த தீராத இருமல், ஆண்டுக்கணக்கான மலச்சிக்கல், உடல் பருமன், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் திசுக்கள் மெலிவது ஆகியவை பின்னாளில் வந்து சேரும். பிள்ளை பெற்ற காலத்தில் தெரியாமல் இருந்த தளர்ச்சி, ஐம்பதை ஒட்டி வெளிப்படுவது இப்படித்தான்.

எங்கள் பகுதிப் பெண்கள் இதைச் சொல்லும்போது, கீழே ஏதோ தட்டுப்படுகிறது என்பார்கள். அடி இறங்கிவிட்டது என்பார்கள். காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது, பொழுது சாயச் சாயக் கனம் கூடும். சிறுநீர் முழுதாகப் போகாமல் சொட்டும். சிலர் விரலால் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் சிறுநீரோ மலமோ கழிக்கிறார்கள். இதைக் கணவரிடமோ மகளிடமோ சொல்லாமல் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு பொறுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு காலம் மறைத்துவிட்டு ஒரு நாள் துணிந்து மருத்துவமனைக்கு வரும் பெண்ணிடம், எடுத்துவிடலாம் என்று ஒரே சொல்லில் சொல்லி அனுப்பினால், அவர் மறுகேள்வி கேட்கமாட்டார். அவருக்காக அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது, இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பது. மருத்துவர்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் உறுப்பு சற்றே தாழ்ந்திருக்கும், வெளியே தெரியாது. இரண்டாம் நிலையில் யோனி வாயிலை ஒட்டி, ஒரு சென்டிமீட்டர் மேலாகவோ கீழாகவோ நிற்கும். மூன்றாம் நிலையில் அதையும் தாண்டி வெளியே வரும்; நான்காம் நிலை முழு இறக்கம். முதல் இரு நிலைகளில் இருப்பவர்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் இருக்காது. அப்படித் தொல்லை இல்லாத இறக்கத்துக்குச் சிகிச்சையே வேண்டியதில்லை, கவனித்துவந்தால் போதும். வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் செய்யப் போய், அல்லது வெள்ளைப்படுதலுக்குப் பரிசோதிக்கப் போய், இறக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கலங்கி வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் செய்தி இதுதான்.

தொல்லை உள்ளவர்களுக்கு முதல் சிகிச்சை தசைப் பயிற்சி. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இதை முறைப்படுத்தி எழுதியதால் அவர் பெயராலேயே கெகல் பயிற்சி என்று வழங்குகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் இரண்டு நிலைகளில் தொல்லை உள்ள பெண்களுக்கு, பயிற்றுநர் மேற்பார்வையில் குறைந்தது 16 வாரப் பயிற்சியை முதல் வாய்ப்பாகப் பரிசீலிக்கச் சொல்கிறது. இதற்கு முக்கிய அடிப்படையாக அமைந்த ஆய்வு, பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளில் 447 பெண்களிடம் நடத்தப்பட்டு 2014இல் லான்செட் இதழில் வெளிவந்தது. தனித்தனியே பயிற்சி பெற்றவர்களுக்கு, வெறும் அறிவுரைத் தாள் பெற்றவர்களைவிட ஓராண்டின் முடிவில் தொல்லை குறைந்திருந்தது. வேறு சிகிச்சையை நாடிப் போனவர்களும் அவர்களில் குறைவு.

மேற்பார்வை என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. யூடியூப் காணொளியைப் பார்த்து ஆறு மாதம் செய்தேன், பயனில்லை என்று வருகிறவர்கள் மிகப் பலர். அவர்களைப் படுக்கவைத்து வயிற்றில் கை வைத்துச் செய்யச் சொன்னால், தசையை மேலே இழுப்பதற்கு மாறாக மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே முக்குவார்கள். இது இறக்கத்தை மேலும் தள்ளும் செயல். 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களிடம் செய்த சிறிய ஆய்விலும், வாய்மொழி விளக்கம் மட்டும் கேட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே சரியாகச் செய்தனர். கால்பங்கினர் தீங்கு தரக்கூடிய விதத்தில் செய்தனர். விரல் பரிசோதனையாலோ, குறைந்தபட்சம் வயிறு, தொடை, மூச்சு ஆகியவற்றைக் கவனித்தோ ஒருவர் சரிபார்க்காமல், பயிற்சி பலன் தரவில்லை என்று முடிவுகட்டுவது முறையாகாது.

நான் சொல்லித்தரும் விதம் எளியது. வாயு பிரிவதை அடக்குவதுபோல் ஆசனவாயை முதலில் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை அப்படியே முன்னே கொண்டுவந்து உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். தொடையும் புட்டமும் இறுகக்கூடாது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணச் சொல்வேன். எண்ணிக்கொண்டே இருக்கும் ஒருவரால் மூச்சைப் பிடித்துவைக்க முடியாது. தொடக்கத்தில் மூன்று எண்ணும் வரைகூடப் பலருக்கு நிற்காது. அதைப் படிப்படியாகப் பத்து வரை கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் இடையே அதே அளவு ஓய்வு கொடுத்து, ஒரு வேளைக்கு எட்டு முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை செய்ய வேண்டும். அதோடு, சட்டென்று சுருக்கி உடனே விடும் விரைவுப் பயிற்சியும் உண்டு. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அது சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதைக் கெடுக்கும். இத்தனைக்கும் மேலாக, இருமுவதற்கும் தும்முவதற்கும் எதையேனும் தூக்குவதற்கும் ஒரு கணம் முன்னால் தசையைச் சுருக்கிக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டால், அதுவே நாள் முழுதும் காவலாக இருக்கும்.

கழிப்பறைப் பழக்கத்தைப் பற்றிப் பேசப் பலர் கூசுகிறார்கள், ஆனால் முக்கி மலம் கழிப்பது தினமும் தாங்குதளத்தின் மீது விழும் அடி. மேற்கத்தியக் கழிப்பறையில் காலுக்குக் கீழே ஒரு சிறு முக்காலி வைத்துக்கொண்டு முன்னே சாய்ந்து உட்கார்ந்தால் முக்க வேண்டியது குறையும். கீரை, வாழைத்தண்டு, கொய்யா, போதிய தண்ணீர் ஆகியவற்றோடு, தேவையானால் மலமிளக்கியும் எடுத்துக்கொள்ளலாம். இருமலுக்குக் காரணம் ஆஸ்துமாவா, புகையா என்று பார்த்துத் தீர்க்காமல் இறக்கத்துக்கு மட்டும் மருத்துவம் பார்ப்பது வீண் வேலை. எடை கூடியிருப்பவர்கள் அதைக் குறைப்பதும் தொல்லையைத் தணிக்கும்.

கனம் தூக்காதே என்று எழுதிக் கொடுக்கும் அறிவுரையைப் பற்றி ஒரு வார்த்தை. சித்தாள் வேலை செய்பவருக்கும் நாற்றுக்கட்டு சுமப்பவருக்கும் இது அறிவுரை ஆகாது. கூலியை விடு என்று சொல்வதாகும். ஒரு குடத்தை இரண்டு தடவையாக அரைக்குடமாக எடுப்பது, குனிந்து தூக்காமல் முழங்காலை மடக்கி உடலோடு ஒட்டித் தூக்குவது, தூக்கும்போது மூச்சை வெளியே விடுவது, சும்மாட்டில் ஏற்றிவிட இன்னொருவரை அழைப்பது ஆகியவற்றைச் செய்துகாட்டிச் சொல்லிக்கொடுத்தால் பெண்கள் கடைப்பிடிக்கிறார்கள். மகப்பேற்றுக்குப் பின் முதல் ஆறு வாரங்களிலாவது வீட்டு ஆண்கள் தண்ணீரும் சிலிண்டரும் தூக்கிக் கொடுத்தால், பின்னாளில் மருத்துவமனைக்கு அலைவது பல பெண்களுக்கு மிச்சமாகும்.

பயிற்சி போதாத நிலையில், அல்லது இறக்கம் வாயிலைத் தாண்டிவிட்ட நிலையில், அடுத்த வழி பெஸ்ஸரி எனப்படும் வளையம். இறங்கிய உறுப்பை உள்ளிருந்து ஏந்தும் சாதனங்கள் பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் காலத்திலிருந்தே உள்ளன. அவர்கள் பாதி மாதுளம்பழத்தைக்கூட இதற்குப் பயன்படுத்தினார்கள். இன்று வழக்கில் இருப்பது மென்மையான, மடக்கக்கூடிய சிலிக்கோன் வளையம். மகப்பேறு மருத்துவர் விரலால் அளவு பார்த்து, வளையத்தை மடக்கி உள்ளே செலுத்தினால் அது விரிந்து உறுப்பை மேலே ஏந்திக்கொள்ளும். மயக்க மருந்தோ தையலோ மருத்துவமனையில் தங்குவதோ வேண்டாம்.

பூச்சந்தையில் கூடை சுமக்கும் ஒரு மூதாட்டிக்கு வளையம் பொருத்தப்பட்டபோது உடன் இருந்தேன். முதலில் போட்ட வளையம், அவர் குந்தி உட்கார்ந்து இருமியதும் நழுவி வந்துவிட்டது. அவ்வளவுதான், நமக்கு ஒத்துவராது என்று அவர் முகம் வாடிவிட்டது. மருத்துவர் அடுத்த அளவைப் போட்டார். இருமச் சொன்னார், குந்தச் சொன்னார், மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார், கழிப்பறைக்குப் போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்தவர், "உள்ள ஒண்ணு இருக்கறதே தெரியல தாயி" என்றார். வளையம் சரியான அளவு என்பதற்கு அதுதான் அடையாளம்: போட்டிருப்பவருக்கு அது தெரியக்கூடாது, வளையத்துக்கும் யோனிச் சுவருக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும், சிறுநீர் தடையின்றிப் போக வேண்டும். முதல் வளையம் நழுவியதைக் கொண்டு தோல்வி என்று எழுதி அறுவைக்கு நாள் குறித்துவிடக் கூடாது.

பராமரிப்பும் கடினமானது அன்று. கை வளையும் பெண்கள் தாமே வாரம் ஒருமுறையோ சில நாளுக்கு ஒருமுறையோ இரவில் எடுத்து, சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, காலையில் போட்டுக்கொள்ளலாம். பிரிட்டனில் 340 பெண்களிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வு, இப்படித் தாமே பராமரித்தவர்களின் வாழ்க்கைத்தரம் மருத்துவமனைக்கு வந்து மாற்றிக்கொண்டவர்களுடையதைப் போலவே இருந்தது என்றும், சிக்கல்கள் குறைவாக இருந்தன என்றும் காட்டியது. தாமே எடுக்க இயலாதவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் வந்து எடுத்துக் கழுவிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜென் களிம்பை மருத்துவர் பரிந்துரைத்தால், திசு வறண்டு புண்ணாவது குறையும். வட்ட வளையம் இருக்கும்போது தாம்பத்திய உறவுக்கும் தடையில்லை. வேறு சில வடிவங்களுக்குத்தான் எடுத்துவிட வேண்டியிருக்கும். வெள்ளைப்படுதல் சற்றுக் கூடலாம். நாற்றமோ இரத்தமோ வந்தால் உடனே பார்க்க வேண்டும்.

அறுவைக்கு எதிராக எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். நெதர்லாந்தில் 440 பெண்களை வளையம், அறுவை என இரு பிரிவாக்கி நடத்தி 2022இல் ஜாமா இதழில் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நலம் கூடியதாகச் சொன்னவர்கள் வளையப் பிரிவில் 76 விழுக்காடு, அறுவைப் பிரிவில் 82 விழுக்காடு. வளையம் அறுவைக்கு ஈடானது என்று அந்த ஆய்வால் நிறுவ இயலவில்லை; வளையத்தோடு தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிறகு அறுவை செய்துகொண்டனர். அதே சமயம், மற்றவர்கள் அறுவை இல்லாமலே அந்த இரண்டு ஆண்டுகளைக் கடந்தார்கள் என்பதும் அதே ஆய்வு சொல்வதுதான். வளையம் நிற்காதவர்கள், அதை விரும்பாதவர்கள், இறக்கத்தால் சிறுநீர் தடைபட்டுச் சிறுநீரகம் வீங்கியவர்கள், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருபவர்கள் ஆகியோருக்கு அறுவை உரிய சிகிச்சை. சிறுநீர் அடியோடு நின்றுபோனால், வெளியே வந்த பகுதி உள்ளே போகாவிட்டால், மாதவிடாய் நின்றபின் இரத்தம் கண்டால், பயிற்சியையும் வளையத்தையும் நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறுவையிலும் வழிகள் பல. கருப்பையை எடுக்காமல் தூக்கிக் கட்டும் முறைகளை மும்பையின் மருத்துவர்கள் சிரோத்கரும் புரந்தரேயும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கித் தந்திருக்கிறார்கள். இறங்கிய உறுப்பைத் தாங்க யோனி வழியாகச் செயற்கை வலை வைக்கும் முறையால் நேர்ந்த சிக்கல்களைக் கண்டு, இறக்கத்துக்கான அத்தகைய வலைகளின் விற்பனையை 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்தச் சொன்னது. எந்த அறுவை, கருப்பை எடுக்கப்படுமா, சினைப்பை எடுக்கப்படுமா, வலை வைக்கப்படுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு. சினைப்பையும் சேர்த்து எடுக்கப்படும் இளவயதுப் பெண்ணுக்கு ஒரே நாளில் மாதவிடாய் நின்றுபோகிறது. எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கின்றன.

நம் நாட்டில் இது சிறிய கவலை அன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.3 விழுக்காட்டினர் கருப்பை நீக்கம் செய்துகொண்டவர்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் கருப்பை இறக்கமும் ஒன்று. தேவையற்ற கருப்பை நீக்கங்கள் குறித்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் ஏற்று நடைமுறைப்படுத்துமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால், அந்த உத்தரவு கோப்பிலேயே தங்கிவிடும்.

தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆகவே ஏறத்தாழ ஒவ்வொரு தாயையும் நம்மால் எட்ட முடியும். பேறு முடிந்து வீடு திரும்புமுன் ஒருமுறையும், குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட வரும் நாளில் மறுமுறையும், இந்தத் தசைப் பயிற்சியைச் செய்துபார்க்கவைத்துச் சரிபார்க்கும் பொறுப்பைச் செவிலியர்களுக்குப் பயிற்சியோடு வழங்கலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரும் பெண்களிடம் இறக்கம் இருக்கிறதா என்றும் பார்த்துக் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் இயன்முறை மருத்துவர்களின் பணியில் இதையும் சேர்க்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய பயிற்சி இது என்பதால், பெண் மருத்துவர்களை அனுப்புவது அவசியம். வட்டார அளவிலான அரசு மருத்துவமனைகளிலாவது எல்லா அளவிலும் சிலிக்கோன் வளையங்கள் இருப்பில் இருக்க வேண்டும், பொருத்தத் தெரிந்த ஒருவர் வாரம் ஒரு நாளாவது புறநோயாளிப் பிரிவில் இருக்க வேண்டும். வளையம் பொருத்தப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும், கர்ப்பிணிகளுக்கு இருப்பதுபோல் ஒரு பதிவேடு தேவை. குறித்த நாளில் அவர் வராவிட்டால் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். ஏனெனில் ஆண்டுக்கணக்கில் எடுக்கப்படாமல் மறந்துபோன வளையம் சுவரை அரித்துச் சிறுநீர்ப்பைவரை ஓட்டை போட்டுவிடக்கூடும்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.